ஹூரியா சொல்லாத வார்த்தை

தே வைரோவா
14 மார்ச் 1886

என் காகிதமே, ஏரியையும் காட்டையும் தாண்டிப் போய் ஆக்லாந்தில் இருக்கும் என் தம்பி தியோபிராவின் கையில் உட்கார்.

தம்பி, உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு இருமல் விடவில்லை. பாதி நாள் வெந்நீரில் நின்றுவிட்டு ஏரிக்காற்றில் படகேறி வந்தால் வேறென்ன வரும்?

இந்தக் கோடையில் வந்த கூட்டம் எந்த வருஷமும் வந்ததில்லை. நான் வழிகாட்ட ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. எத்தனையோ துரைசானிகளைக் கைபிடித்து, வெந்நீர் ஊற்று சரிவில் கட்டிவைத்த நம் வெள்ளைப் படிகளில் ஏற்றிவிட்டிருக்கிறேன். முன்பெல்லாம் மேலே போனதும் வாயைப் பிளந்துகொண்டு பேசாமல் நிற்பார்கள். இப்போது ஏறும்போதே பென்சிலைத் தேடுகிறார்கள். படியில் பெயர் எழுதுகிறார்கள், தம்பி. ஊர்ப்பெயர், தேதி, பெண்டாட்டி பெயர். நான் அவர்கள் போனபின் சால்வை நுனியால் தேய்த்துப் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் அதன் மேல் கண்ணாடி மாதிரி பூசிவிடுகிறது. அழியாது.

நேற்று ஒருத்தன் சிவப்புப் படியின் விளிம்பில், பச்சைப் பிள்ளையின் காதுமடல் போல் மெலிசாக இருக்குமே, அங்கே சுத்தியலை வைத்தான்.

“ஒரே ஒரு துண்டுதான். வீட்டுல மேஜை மேல வைக்கணும்” என்றான்.

“உன் வீட்டுக்கு வந்து உங்கம்மா பல்லுல ஒண்ணைப் பிடுங்கிட்டுப் போகட்டுமா?” என்று நம் பாஷையில் கேட்டேன்.

படகோட்டி அதை அவனுக்கு, “நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்னு சொல்றாங்க” என்று மாற்றிச் சொல்லிவிட்டான். துரை எனக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான். துண்டையும் எடுத்துக்கொண்டான்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பகலிலேயே சாராயம். ஆட்டம் ஆடிக் காட்டுவது, காசுக்குக் கைநீட்டுவது, மறுபடி சாராயம். போன வாரம் ஹோட்டல் தாழ்வாரத்திலிருந்து ஒரு கூட்டம் பிஸ்கோத்தைச் சேற்றில் வீசிப் பிள்ளைகளை ஆடச் சொன்னது. எட்டிப் பார்த்தால் எல்லாரையும்விட நன்றாக ஆடுகிறது யார்? என் ஹூரியா. சேற்றோடு பிஸ்கோத்தை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளையை எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டேன்.

அதனால் அவளை ஏரிக்கு அந்தப் பக்கம் மோவுராவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் அத்தை மாகரேதா பார்த்துக்கொள்வாள். ஹூரியாவின் அப்பா கண்மூடினபின் அந்த வீட்டுக்கும் ஒரு பிள்ளைச் சத்தம் வேண்டும். அங்கே சாராயமும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. படகுகள் பழம் வாங்க ஒரு நிமிஷம் ஒதுங்கும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் நானும் அவளைப் பார்த்துக்கொள்வேன்.

ஆக்லாந்துப் பள்ளிக்கு அனுப்பு என்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, மாட்டேன். அந்த ஊர் உன்னையே பாதி தின்றுவிட்டது. போன தடவை வந்தபோது நெருப்புச் சாம்பலில் சுட்ட விலாங்கை முள்கரண்டியால் குத்தினாயே, நான் மறக்கவில்லை.

உன் அக்கா
ராஹெரா


ஆக்லாந்து
9 ஏப்ரல் 1886

என் அன்பான அக்காவுக்கு,

உன் காகிதம் மழையில் நனைந்துதான் வந்தது. எழுத்து கரைந்த இடத்திலும் உன் கோபம் கரையவில்லை. சுகம்தானே?

போட்டோ கடையில் எனக்கு உத்தியோகம் உயர்ந்துவிட்டது. முன்பு கண்ணாடித் தகடு கழுவினேன். இப்போது படத்துக்கு வர்ணம் பூசுகிறேன். போட்டோவில் நம் சிவப்புப் படி சாம்பலாகத்தான் விழும். அதற்கு நான் தூரிகையால் சிவப்பேற்ற வேண்டும். முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று விரட்டுகிறார்: “இன்னும் கொஞ்சம் ஏத்து, தியோ! இது கிழவன் வெட்கப்பட்ட மாதிரி இருக்கு. கல்யாணப் பொண்ணு வெட்கப்பட்ட மாதிரி இருக்கணும்!”

அது அந்த நிறம் இல்லை என்று நான் சொன்னேன். “நீ அங்கேதான் பிறந்தேங்கிறதுக்காக உனக்குத் தெரிஞ்சிடுமா?” என்றார். சிரிக்காமல் என்ன செய்ய?

ஹூரியாவை அடித்தது எனக்கு வலிக்கிறது. மோவுராவில் அவள் என்ன கற்பாள்? இறால் பிடிக்கவும் பழம் பொறுக்கவும்தானே? இங்கே பாதிரிமார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்திருக்கிறார்கள். என் அறைக்கு நாலு தெரு தள்ளி. ஞாயிறுதோறும் நானே கூட்டிக்கொண்டு போய்க் கடல் காட்டுவேன். குளிர்காலம் முடிந்தாவது யோசித்துப் பார்.

முள்கரண்டி விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாயா?

உன் தம்பி
தியோபிரா


தே வைரோவா
3 ஜூன் 1886

தம்பிக்கு,

திங்கட்கிழமை குளிரையும் பார்க்காமல் ஒரு கூட்டம் படி பார்க்கக் கிளம்பியது. நானும் போனேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. ஏரியில் ஒரு பழங்காலப் படகு போனதாம், துடுப்புப் போட்டவர்களுக்கு நாய்த்தலையாம், சாவுப் படகாம். உன்னிடம் பொய் சொல்வானேன், நான் கரைப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. “அதோ அதோ” என்று அலறினார்கள். திரும்புவதற்குள் மூடுபனி. சாராயம் குடிக்காதவர்களும் பார்த்தோம் என்கிறார்கள். ஏரித் தண்ணீர் மட்டும் திடீரென்று ஏறி இறங்கியது. அதை நானே பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

மோவுராவில் ஒதுங்கியபோது ஹூரியா கரைக்கு ஓடி வந்தாள். வளர்ந்துவிட்டாள். என்னோடு வருகிறேன் என்று அடம். இன்னும் ஒரு மாசம் இரு, குளிர் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பள்ளியைப் பற்றியும் யோசிக்கிறேன். ரொம்பக் குதிக்காதே, யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

ராஹெரா


ஆக்லாந்து
11 ஜூன் 1886

அக்கா, அக்கா,

நேற்று விடியுமுன் இங்கே பீரங்கி வெடிப்பது போல் சத்தம். எதிரிக் கப்பல் வந்துவிட்டது என்று ஜனங்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். மத்தியானம் தந்தி வந்தது: தாராவேரா மலை வெடித்தது, தே வைரோவா சேற்றில் புதைந்தது, ஏரிக்கரை ஊர்களைப் பற்றித் தகவல் இல்லை.

உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல். ஹூரியா உன்னோடுதானே இருக்கிறாள்? கூட்டிக்கொண்டு வந்திருப்பாய், இல்லையா?

தியோபிரா


ஓஹினெமுது
20 ஜூலை 1886

தம்பி,

மலை வெடித்தபின் நீ எழுதிய மூன்று கடிதமும் ஒன்றாக வந்தன. மெதுவாகப் படி.

நான் இருக்கிறேன். ஹூரியா இல்லை. மாகரேதா இல்லை. மோவுரா இல்லை.

நடுராத்திரியில் பூமி ஆடியது. வெளியே வந்தால் மலை மூன்று இடத்தில் பிளந்து எரிகிறது. தீப்பந்தமாகக் கல் மேலே போய் விழுகிறது. முதலில் அழகாக இருந்தது, தம்பி. அதைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒரு பத்து நிமிஷம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தோம். பிறகு மோவுரா அந்த மலையடியில் அல்லவா இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கரைக்கு ஓடிப் படகை அவிழ்த்தேன். மூன்று பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தன் கையைக் கடித்துவிட்டேன். “கடிச்சுக்கோ, ராஹெரா, விடமாட்டேன்” என்றான். அப்போதுதான் சேறு விழ ஆரம்பித்தது. வானத்திலிருந்து சூடான சேறு. கூரை கெட்டியான ஒரு வீட்டில் அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். உத்திரம் முறியும் சத்தம் ஒவ்வொரு வீடாகக் கேட்டது. அந்தந்தச் சத்தத்துக்கு அந்தந்த வீட்டார் பெயரைச் சொல்லி யாரோ அழுதார்கள். விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. வெளிச்சம் வரவில்லை.

சில நாள் கழித்துப் படகு கிடைத்தது. போனோம். மோவுரா இருந்த இடத்தில் கரையே இல்லை. பழமரம் இல்லை, கூரை முனை இல்லை. சாம்பல் நிறச் சேறு செங்குத்தாக ஏரிக்குள் இறங்கியிருந்தது. தோண்டலாம் என்று நினைத்தவர்கூட எங்கே தோண்டுவது என்று தெரியாமல் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைப் படியும் சிவப்புப் படியும் போய்விட்டன. அவை இருந்த ஏரியே ஒரு பெரிய குழியாகிப் புகைகிறது. அவற்றுக்கு அழ எனக்கு நேரம் இல்லை. ஆனால் அழ ஆள் நிறைய வருகிறார்கள்.

மூன்றாம் வாரமே துரைகள் வந்துவிட்டார்கள், ‘பார்க்க’. இடிந்த வீடுகளுக்குள் புகுந்து செதுக்கிய பலகை, பாய், இறந்தவன் பைபிள் என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. “இது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமாம்மா? இனிமே அந்த மாதிரி ஒண்ணை உலகம் பார்க்கவே போறதில்லை” என்றார்.

எனக்கும் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை நாளில் நம் பிள்ளைகளைப் பற்றி ஒருத்தனாவது சொன்னானே என்று.

“அந்த ரோஜா நிறம்! அந்த ரோஜா நிறம்!” என்றார் அவர்.

கையை உதறிவிட்டுப் போய்ச் சாம்பலில் தேய்த்துக் கழுவினேன்.

இங்கே வேறு குலத்தார் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஜனங்கள். கந்தக வாடை வீட்டு வாடை என்று நினைத்திருந்தவள் நான். துரைசானிகள் மூக்கைப் பொத்தினால் சிரிப்பேன். இப்போது நானே மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஒப்பாரி வைத்து முடித்துவிட்டோம். எல்லாக் குடும்பத்திலும் ஆண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். என் பக்கத்தில் உன் இடம் காலியாக இருந்தது.

ராஹெரா


ஆக்லாந்து
2 செப்டம்பர் 1886

அன்பான அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். வராததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கடையில் என்னை விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஜூனிலிருந்து படிகளின் படம் கேட்டுத் தெரு நிறைய ஆள். இரவு பகலாக வர்ணம் பூசினேன். ஹூரியா போன செய்தியை உன் கடிதத்தில் படித்த அன்றும் பூசினேன். எனக்குக் கண்ணீரே வரவில்லை. இல்லாத உடலுக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. கிரிம்ஷா என்று ஒரு துரை விளக்குப் படக் காட்சி நடத்துகிறார். பெரிய திரையில் நம் படிகள், நம் ஏரி, பிறகு இடிந்த ஊர். ஊர் ஊராகப் போகிறோம். என்னை மேடையில் நின்று பேசச் சொல்கிறார். முதல் நாள் பேசும்போது அக்கா, எனக்கு அழுகை வந்தது. ஜூனிலிருந்து வராத அழுகை. சபையே சேர்ந்து அழுதது.

நீ வந்தால் எப்படி இருக்கும்! அம்மாவின் இறகுப் போர்வையைப் போட்டுக்கொண்டு அந்தச் சாவுப் படகைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் போதும். நீ அன்று அதைப் பார்த்தவர்களோடு ஒரே படகில் இருந்தவள். உலகம் நம்மை மறக்கக் கூடாது.

தியோபிரா


ஓஹினெமுது
30 செப்டம்பர் 1886

தம்பி,

அம்மாவின் போர்வை மூன்று ஆள் ஆழத்தில் சேற்றுக்கடியில் இருக்கிறது. சாவுப் படகை நான் பார்க்கவில்லை என்று உனக்கு எழுதினேன். வராத அழுகையை வரவழைக்க மேடை எதற்கு? இங்கே வா. ஏரிக்கரையில் நிற்கவைக்கிறேன். தானாக வரும்.

ராஹெரா


ஓஹினெமுது
16 ஜனவரி 1887

தியோபிரா,

சித்தப்பா மகன் பிரிபி, ஆக்லாந்துப் பக்கத்துத் தேம்ஸ் ஊர்த் தங்கச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கிறான். கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

“என்னடா, எறும்பு கடிக்குதா?” என்றேன்.

“அக்கா, நம்ம தியோபிராவைப் பாத்தேன். கோட்டு, கழுத்துல பட்டு, தலையில இறகு. நல்லாத்தான் இருக்கான்.”

“இருக்கட்டும்.”

“நீ சாவுப் படகைப் பாத்தேன்னு சொல்றான்.”

“சொல்லட்டும். அவன் வாய், அவன் பொய்.”

“அது மட்டும் இல்லக்கா.” கிழங்கைக் கிளறுகிற குச்சியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான். “ஹூரியா கடைசியில என்ன சொன்னான்னு சொல்றான்.”

தம்பி, மோவுராவிலிருந்து ஒரு உயிரும் வெளியே வரவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாளா, ஓடினாளா, யார் கையைப் பிடித்திருந்தாள் என்று சொல்ல ஒரு நாய்கூட மிச்சம் இல்லை. ஆனால் தேம்ஸ் ஊர்க் கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் பிள்ளை வாசலில் மண்டியிட்டு, தாராவேராவைப் பார்த்துக் கைகூப்பி, “மலைத் தாத்தா, எங்கம்மா வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க” என்றாளாம். அந்த இடத்தில் நீ குரலை மெலிசாக்கிக்கொள்வாயாம். ஒரு துரைசானி மயங்கியே விழுந்தாளாம். வெளியே போகும்போது எல்லாரும் ஆளுக்கொரு படம் வாங்கினார்களாம்.

சீ.

இடிந்த வீட்டில் புகுந்து பலகை பிடுங்கினவர்களைப் பற்றி உனக்கு எழுதினேனே. அவர்கள் அந்நியர்கள். பலகையைத்தான் எடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ அவள் வாயில் திணித்த வார்த்தை என் காதில் ஒட்டிக்கொண்டது. அவள் குரலிலேயே கேட்கிறது. அவளுடைய சொந்தப் பேச்சு ஒன்றை நினைக்கப் போனால், இதுதான் முந்திக்கொண்டு வருகிறது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து காதைத் தேய்க்கிறேன். போகவில்லை. ஒரு தாயிடமிருந்து எதைத் திருடியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா?

ராஹெரா


நேப்பியர்
11 பிப்ரவரி 1887

அக்காவுக்கு,

நான் திருடன். சரி.

அந்தக் கொட்டகையில் வருகிறவர்கள் படிகளுக்காக வருகிறவர்கள். ‘ஐயோ, ரோஜா நிறம்’ என்று அழ வருகிறவர்கள். அவர்களிடம் அங்கே பிள்ளைகள் செத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டார்கள். அடுத்த படம் போடு என்றார்கள். ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்து, ஒரு வார்த்தை பேசவைத்த பிறகுதான் கொட்டாவி நின்றது. இப்போது படிகளுக்காக அழுவதைவிட ஹூரியாவுக்காக அதிகம் அழுகிறார்கள். உன் ஒப்பாரியில் எத்தனை பேர் அவளுக்காக அழுதார்கள்? நான் ராத்திரிக்கு முந்நூறு பேரை அழவைக்கிறேன்.

நீயும் ஒன்று யோசி. போன மார்ச்சில் அவளை என்னிடம் அனுப்பியிருந்தால் இன்று எங்கள் தெருமுனையில் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள். மலையடிக்கு அனுப்பியது யார்? நான் அவளுக்கு ஒரு வார்த்தைதான் கொடுத்தேன். நீ கொடுத்தது என்ன?

தியோபிரா


நேப்பியர்
12 பிப்ரவரி 1887

அக்கா, நேற்றைய கடிதம் தபாலில் போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டேன், பை கட்டிவிட்டார்கள் என்றார்கள். அது வந்தால் பிரிக்காதே. அடுப்பில் போட்டுவிடு. உன் காலில் விழுகிறேன்.

தியோபிரா


வெலிங்டன்
20 மார்ச் 1887

அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பிரித்துவிட்டாய் என்று தெரிகிறது. நல்லது கெட்டது ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


ஓஹினெமுது
24 ஏப்ரல் 1887

தியோபிரா,

நேப்பியரிலிருந்து நீ எழுதிய இரண்டும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? பிரித்தேன். படித்தேன். நீ கேட்டதை நான் ஜூன் பத்தாம் தேதியிலிருந்து தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கையெழுத்தில் பார்த்ததுதான் புதிசு.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மறுபடி வழிகாட்டப் போய்க்கொண்டிருக்கிறேன். சாப்பிட வேண்டுமே. இங்கே வெந்நீர்க் குழிகளும் கொதிசேறும் இருக்கின்றன. “படிகள் மாதிரி இல்லையே” என்று முகம் சுளித்தபடி பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு துரைசானி, கறுப்பு உடை, தனியாக வந்தவள். குழிகளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் கேட்டாள்: “நேப்பியர்ல ஒரு காட்சி பாத்தேன். ஹூரியான்னு ஒரு குழந்தை… அவ அம்மா வழிகாட்டின்னு சொன்னாங்க. நீங்களா?”

நான் முன்னால் நடந்தேன், அவளும் கூடவே வந்தாள்.

“எனக்கும் ஒருத்தி இருந்தா. தொண்டை அடைப்பான்ல போயிட்டா. உங்க ஹூரியா சொன்னதை நான் தினம் சொல்லிக்கறேன். அம்மா வர்ற வரைக்கும் பொறுங்கன்னு. அது நிஜந்தானே? அவ நிஜமாவே சொன்னாளா?”

பத்து மாசத்தில் ஒரு வெள்ளைக்காரி வாயிலிருந்து என் பிள்ளை பெயரை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். ‘உங்க ஹூரியா’ என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமாம்மா, சொன்னா” என்றேன். கைகூடக் கூப்பிக் காட்டினேன்.

அவள் போனதும் புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். உன்மேல் இருந்த அருவருப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் என்மேலும் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இனி உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

அதனால் ஒன்று செய்கிறேன். அந்தப் பொய்யை நம் இரண்டு பேர் மனசிலிருந்தும் எடுத்துப் போட வேண்டும். அதற்கு அந்த இடத்தில் உண்மையை வைக்க வேண்டும். நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். இது உனக்கு மட்டும்.

ஹூரியா மண்டியிடுகிற பிள்ளை இல்லை. மாகரேதா காயவைத்த விலாங்கைத் திருடித் தின்றுவிட்டு, மோவாயில் கொழுப்பு வழிய, “நாய் தின்னுடுச்சு அத்தை” என்பாள். வெயிலில் சிவந்த துரைகளுக்கு ‘வெந்த கிழங்கு’ என்று பெயர் வைத்தவள். எதற்கும் பயப்படமாட்டாள். பெரிய அந்துப்பூச்சி வந்தால் மட்டும் என் துணிக்குள் நுழைந்துகொள்வாள். தூங்கும்போது ஐஸ் மாதிரிக் காலை என் வயிற்றில் வைப்பாள்.

அன்று மோவுரா கரையில் கடைசியாக அவளைப் பார்த்தபோது, இன்னும் ஒரு மாசம் இரு என்றேன் என்று எழுதினேனே. அதற்கு அவள் சொன்னதை எழுதவில்லை. படகு நகர்ந்ததும் தண்ணீரில் முழங்கால் வரை ஓடி வந்தாள். “போம்மா! இனிமே உன்கூட டூ! நீ கூப்பிட்டாலும் பேசமாட்டேன், போ!” என்று கத்தினாள். பிறகு திரும்பி நின்று, பாவாடையைத் தூக்கிப் படகுக்கே பின்புறத்தைக் காட்டினாள். துரைசானிகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் சிரித்ததை அவள் பார்க்கவில்லை.

இதுதான் என் பிள்ளை பேசியது. இதை வைத்துக்கொள்.

ஜூன் பத்தாம் தேதி படகில் போய் மோவுரா இருந்த இடத்தில் நின்று அழப்போகிறேன். வருஷம் ஆகிறது. என் பக்கத்தில் உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இறகும் பட்டும் இல்லாமல் வா. பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

அக்கா


சிட்னி
14 ஜூன் 1887

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். மேடை இல்லாமல், தனியாக. நம்பு.

வரத்தான் நினைத்தேன். கிரிம்ஷா துரை சிட்னிக்குக் கப்பல் ஏற்பாடு செய்துவிட்டார். வருஷ நினைவு நாள் என்று இங்கே பெரிய மண்டபம் பிடித்திருந்தார். நான் இல்லாமல் எப்படி நடக்கும்? அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. அந்த மலைத் தாத்தா பொய்யை விட்டுவிட்டேன். நீ சொன்னது சரி, அது அவள் இல்லை. பத்தாம் தேதி ராத்திரி மேடையில் உண்மையை மட்டும்தான் சொன்னேன். விலாங்கும் நாயும் சொன்னபோது சபை சிரித்தது. அந்துப்பூச்சிக்கு இன்னும் சிரித்தது. பின்புறத்தை விட்டுவிட்டேன், பெண்கள் இருக்கும் சபை. பிறகு அந்த ‘டூ’. இங்கேயும் குழந்தைகள் சண்டை போட்டால் பேச்சை முறிக்கத்தான் செய்கிறார்கள், உடனே புரிந்துகொண்டார்கள். “நீ கூப்பிட்டாலும் பேசமாட்டேன், போ” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னேன். அக்கா, எண்ணூறு பேர். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. பழைய வார்த்தைக்கு இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. வெளியே போகையில் ஆண்பிள்ளைகள்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். துரை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உண்மைக்கு இருக்கிற பலமே தனி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான்.

இங்கிருந்து மெல்போர்ன் போகிறோம். அங்கே இரண்டு மாசம். தினமும் ஒரே மாதிரி சொன்னால் எனக்கே பழகிவிடும். அவளைப் பற்றி இன்னும் இந்த மாதிரி நாலைந்து நினைவிருந்தால் எழுது. சின்னச் சின்னதாக இருந்தாலும் போதும். விலாசம் காகிதத்தின் பின்பக்கத்தில்.

என்றும் உன் தம்பி
தியோபிரா